நெஞ்சு திறக்குற ஆபரேஷனுக்கு முந்தி வர்ற பயம்: நோயாளிகிட்ட எவ்வளவு சொல்றது?

வாடைக்காத்து
ராமநாதபுரம் கரையில மண்டபத்துல இருந்து தொண்டி வரைக்கும் ஒரே பழக்கம்தான். ஆஞ்சியோ பார்த்துட்டு பைபாஸ் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் தாண்டி வேற ரத்தக்குழாயைத் தைக்கிற ஆபரேஷன்) வேணும்னு சொன்ன உடனே வீட்டுல நாலு பேர் கூடி, "அவருகிட்ட சொல்ல வேணாம், பயந்துருவாரு"ன்னு முடிவெடுத்துர்றாங்க. "சின்ன அடைப்பு, மதுரைக்குப் போயிட்டு வந்துரலாம்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போறது. முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சு முடியும் கால் முடியும் எடுக்க ஆள் வந்து நிக்கும்போதுதான் மனுஷனுக்கு விஷயமே தெரியுது. அன்னிக்கு ராத்திரி தூக்கமும் இல்ல, பிபியும் ஏறிருது. கையெழுத்துப் போட மாட்டேன்னு எழுந்து கிளம்புறவங்களும் உண்டு.

"தைரியமா இருங்க" மாதிரி வார்த்தை இந்த இழைக்கு வேணாம். அவங்கவங்க சொந்தக் கதையும் வேணாம், அதுக்கு வேற இழை இருக்கு. எதைச் சொல்லணும், எப்போ சொல்லணும், என்ன பழகிட்டுப் போகணும்? வேலை தெரிஞ்சவங்க எழுதுங்க.

தியேட்டர் டூட்டி
பயம்னு ஒத்தையா எதுவும் கிடையாது. வாயைத் திறந்து பேச வச்சா அஞ்சாறா பிரிஞ்சு வரும். வழக்கமா வர்றது இதுதான்.

"இதயத்தை வெளிய எடுத்து வைப்பாங்களா?" எடுக்க மாட்டாங்க. நெஞ்செலும்பை நடுவுல பிரிப்பாங்க, இதயம் அது இருக்குற இடத்துலயேதான் இருக்கும். பைபாஸ்ல நம்ம ஊர்ப்பக்கம் நிறைய கேஸ் இதயத்தை நிறுத்தாமலே, துடிச்சுக்கிட்டு இருக்கும்போதே நடக்குது. தைக்கிற இடத்தை மட்டும் ஒரு கருவி அசையாமப் பிடிச்சுக்கும். வால்வு மாத்துறதுக்கு நிறுத்தித்தான் ஆகணும். அந்த நேரம் இதய நுரையீரல் மெஷின் ரத்தத்தை ஓட்டும். அதைப் பார்த்துக்கன்னே தனியா ஒருத்தர் உட்கார்ந்திருப்பார்.

"நடுவுல முழிச்சுருவேனா?" மயக்க டாக்டர் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் தலைமாட்டை விட்டு நகர மாட்டார். பல இடத்துல நெத்தியில ஒரு பட்டை ஒட்டி, மயக்கத்தோட ஆழத்தை நம்பராவே பார்ப்பாங்க. முந்தின நாள் அவர் வந்து பார்க்கும்போது இந்தக் கேள்வியை நேராக் கேட்கச் சொல்லுங்க. அவர் வாயால கேட்டாத்தான் மனசு அடங்கும்.

"எலும்பு ஒட்டுமா?" ஸ்டீல் கம்பியால இழுத்து முறுக்கிக் கட்டிருவாங்க, வழக்கமா 6 முதல் 8 கம்பி. அது உள்ளேயே இருக்கும், எடுக்குறதில்ல. எலும்பு கூட 6 முதல் 8 வாரம். பாரம் தூக்குற பலம் வர 3 மாசம்.

"திரும்பி வருவேனா?" இதை யாரும் கேட்க விட மாட்டாங்க, ஆனா எல்லாருக்கும் உள்ள இருக்குறது இதுதான். நாள் குறிச்சு நிதானமாச் செய்யுற பைபாஸ்ல, வேற பெரிய கோளாறு இல்லாதவங்களுக்கு ஆபத்து 100 பேர்ல ஒண்ணு ரெண்டு. கிட்னி கோளாறு, பலவீனமான பம்பிங், அவசர கேஸ், வயசு, இதெல்லாம் சேர்ந்தா கூடும். அதனால பொதுக் கணக்கை விட்டுட்டு, "இவருக்கு எவ்வளவு?"ன்னு சர்ஜன்கிட்ட கேளுங்க. அவங்க கையில அதுக்குன்னு கணக்கு இருக்கு.

ஓலைக்குடா
அண்ணே, நீங்க எழுதுனது பிள்ளைங்க படிக்கச் சரி. 68 வயசு ஆள்கிட்ட போய் கம்பி, எலும்புன்னு சொன்னா அன்னிக்கே சோறு இறங்காது. எல்லாருக்கும் எல்லாம் தெரியணும்னு என்ன கட்டாயம்? சில பேருக்குத் தெரியாம இருக்குறதுதான் நிம்மதி.

தியேட்டர் டூட்டி
நியாயந்தான் தம்பி. அதுக்குத்தான் ரெண்டாப் பிரிக்கணும். அவர் தூங்கும்போது நடக்குறது ஒண்ணு, முழிச்ச பிறகு நடக்குறது இன்னொண்ணு. கம்பி, ரம்பம், மெஷின் எல்லாம் முதல் கணக்கு. "அதெல்லாம் எனக்கு வேணாம்"னு அவர் சொன்னா விட்டுருங்க, ஒரு நஷ்டமும் இல்ல. ரெண்டாவதைச் சொல்லாம விட்டா அதுதான் தப்பு. கண்ணு முழிக்கும்போது தொண்டையில குழாய், பேச்சு வராது, கை கட்டிக் கிடக்கும். முன்னாடியே தெரிஞ்சவர் படுத்துக் கிடப்பார். தெரியாதவர் குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்.

ஐசியு அக்கா
இவர் சொல்றது நூத்துக்கு நூறு. முழிச்ச பிறகு என்னன்னு வரிசையாச் சொல்றேன், அப்படியே படிச்சுக் காட்டலாம்.

முதல்ல காதுதான் முழிக்கும். பீப் பீப்னு சத்தம், யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. கண்ணு திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும். குளிரும், சில பேருக்கு உடம்பே உதறும். போர்வைக்குள்ள சூடான காத்து விடுவாங்க. வாய் வழியா குழாய் போயிருக்கும், மெஷின் மூச்சுக் கொடுக்கும். அதோட மல்லுக்கட்டக் கூடாது. மெஷின் கொடுக்கும்போது வாங்கணும், விடும்போது விடணும். சளி உறிஞ்ச உள்ள மெல்லிய குழாய் விடுவாங்க, மூச்சு முட்டுற மாதிரி இருமல் வரும், பத்து பதினஞ்சு செகண்டுல முடிஞ்சுரும். கையைத் துணிப்பட்டையால கட்டிலோட கட்டியிருப்பாங்க. தண்டனை இல்ல, அரைத் தூக்கத்துல குழாயை இழுத்துரக் கூடாதுன்னுதான். பெரும்பாலும் அன்னிக்கு ராத்திரியோ மறுநாள் காலையிலயோ குழாயை எடுத்துருவாங்க. பேச்சு கரகரன்னு வரும், ரெண்டு நாள்ல சரியாகும்.

வலியை விட அதிகமா எல்லாரும் முறையிடுறது தாகம். குழாய் எடுத்த உடனே சொம்புத் தண்ணி கேட்பாங்க, தர மாட்டாங்க. முதல்ல நாக்கை நனைப்பாங்க, அப்புறம் ஸ்பூன் ஸ்பூனா. இதை முன்னாடியே சொல்லி வைங்க, இல்லேன்னா "தண்ணி கூடத் தராம கொல்றாங்க"ன்னு வீட்டுக்காரங்ககிட்ட அழுவாங்க.

கழுத்துல ஊசிக்குழாய், மணிக்கட்டுல ஒண்ணு, சிறுநீர்க் குழாய், நெஞ்சுக்குக் கீழ ரத்தம் வடிய ரெண்டு மூணு குழாய். வடிகுழாய்ல சிவப்பாத் தெரியுறதைப் பார்த்துப் பதற வேண்டாம், வடியணும்னுதான் வச்சது. ஓரிரு நாள்ல எடுப்பாங்க. எடுக்கும்போது மூச்சை அடக்கச் சொல்லி ஒரே இழுப்பு, சுள்ளுன்னு இருக்கும், அவ்வளவுதான்.

பல பேருக்கு நெஞ்சை விட முதுகும் தோள்பட்டையும் அதிகமா வலிக்கும். எலும்பை விரிச்சுப் பிடிச்சதால விலா எல்லாம் இழுபட்டிருக்கும். காலுல இருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தா அந்தக் காலு வீங்கும். இடது நெஞ்சு மரத்துப் போன மாதிரி பல மாசம் இருக்கலாம்.

ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாளுக்குள்ள இதயம் திடீர்னு தாறுமாறா ஓடுறதும் சகஜம். பைபாஸ் முடிஞ்சவங்கள்ல மூணு நாலு பேருக்கு ஒருத்தருக்கு வரும். மருந்துல அடங்கிரும். "ஆபரேஷன் ஃபெயிலியர்"னு நினைச்சுக்கிறவங்க அதிகம், அதனால இதையும் சொல்லி வைங்க.

கீழக்கரை காக்கா
லாத்தா, பேச முடியாத நேரத்துக்கு என்ன வழி? எங்க பக்கம் வயசானவங்க நிறைய பேருக்கு எழுதத் தெரியாது.

ஐசியு அக்கா
கைச் சைகை, காக்கா. வீட்டுலயே முடிவு பண்ணி ஒரு வாரம் பழகிருங்க. கையை ஒரு தடவை அமுக்குனா ஆமா, ரெண்டு தடவைன்னா இல்ல. பெருவிரலை மட்டும் தூக்குனா வலி. ஆள்காட்டி விரலைச் சுத்துனா சளி உறிஞ்சணும். கையைக் கட்டியிருந்தாலும் விரல் அசையும், அதனால விரல் சைகையா வைக்கணும். படகு எஞ்சின் சத்தத்துல கையாலயே பேசிக்கிற கடல் ஆளுங்களுக்கு இதைக் கத்துக் கொடுக்க அரை மணி நேரம் போதும். அதே சைகையை ஒரு தாள்ல படமா வரைஞ்சு, சேர்க்கும்போது நர்ஸ்கிட்ட கொடுத்து கேஸ் ஷீட்டுல வைக்கச் சொல்லுங்க. நம்ம மட்டும் பழகி, டூட்டியில இருக்கிறவங்களுக்குத் தெரியலேன்னா பிரயோஜனம் இல்ல.

மூணு பந்து
பிசியோ வேலை பார்க்கிறவன். பயத்துக்கு மருந்துன்னு நான் சொல்றது மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கிற இந்த மூணு பந்து டப்பாவைத்தான். கையில ஒரு வேலை இருக்கும், நாளுக்கு நாள் முன்னேற்றமும் கண்ணுக்குத் தெரியும்.

இதுக்கு நம்ம ஊர்ல பேரே தப்பா விழுந்துருச்சு. "பந்து ஊதுறது"ன்னு சொல்லி, பத்துல அஞ்சு பேர் பலூன் ஊதுற மாதிரி ஊதிக்கிட்டு இருக்காங்க. இது ஊதுறது இல்ல, உறிஞ்சுறது. இளநீர்ல ஸ்ட்ரா போட்டு இழுக்குற மாதிரின்னு சொன்னாப் பிடிச்சுக்குவாங்க. நேரா உட்காரணும். மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு, குழாயைப் பல்லுக்கு நடுவுல வச்சு உதட்டால மூடி, மெதுவா இழுக்கணும். முதல் பந்து ஏறினா விநாடிக்கு 600 மில்லி, ரெண்டாவது 900, மூணாவது 1200. மூணையும் டக்குன்னு தூக்கிக் கீழ போடுறதுல லாபம் இல்ல. ரெண்டு பந்தை மூணு செகண்ட் மேலேயே நிறுத்துறதுதான் நுரையீரலோட அடியை விரிக்கும். ஒரு தடவைக்கு 10 இழுப்பு, முழிச்சிருக்கும்போது மணிக்கு ஒரு தடவை. தலை சுத்துனா வேகம் கூடுதுன்னு அர்த்தம், நிறுத்திட்டு அப்புறம் செய்யலாம்.

கடல்ல முங்கிச் சங்கு எடுத்த ஆளுங்க மூணு பந்தையும் அசால்ட்டா நிறுத்துவாங்க. அவங்ககிட்ட ஒரு எச்சரிக்கை: வால்வு ரொம்பச் சுருங்கினவங்க மூச்சை அடக்கிப் பலம் காட்டக் கூடாது, மயக்கம் வரும். கபாலபாதி மாதிரி வேகமான மூச்சுப் பயிற்சியும் வேண்டாம்.

அடுத்தது தலைகாணி. ஒரு துண்டை மடிச்சு இறுக்கமா உருட்டிக்குங்க. நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருமப் பழகணும். எலும்பு வலிக்குமேன்னு இருமாம அடக்குறவங்களுக்குத்தான் சளி கட்டி நிமோனியா வருது. எந்திரிக்கும்போது கையை ஊன்றக் கூடாது. பக்கவாட்டுல ஒருக்களிச்சு, காலைக் கீழ தொங்க விட்டு எந்திரிக்கணும். கயித்துக்கட்டில்ல படுக்கிறவங்களுக்கு இது கஷ்டம், முதல் ரெண்டு மாசம் பலகைக் கட்டில் நல்லது.

படபடன்னு வரும்போது: 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடணும். விடுறது நீளமா இருக்கணும், அதுலதான் நாடி இறங்கும். காலையில 10 நிமிஷம், படுக்கும்போது 10 நிமிஷம். பயம் வந்த பிறகு முதல் தடவையாச் செஞ்சுபார்த்தா வேலை செய்யாது, முன்னாடியே பழகியிருக்கணும்.

மருந்துக்கடை வாசல்
பயம்னு நினைக்கிறதுல பாதி பயமே இல்ல. பார்க்க வேண்டியது மூணு.

மெட்டோபிரோலால் மாதிரி நாடியைக் குறைக்கிற மாத்திரையை "ஆபரேஷன் வருதே"ன்னு தானா விட்டிருப்பாங்க. ரெண்டு நாள்ல நாடி எகிறும். பயத்துல படபடக்குதுன்னு வீட்டுல நினைச்சுக்குவாங்க. டாக்டர் சொல்லாம அதை நிறுத்தவே கூடாது.

பீடி, புகையிலை. விட்ட முதல் சில நாள் எரிச்சல், தூக்கமின்மை, கை பரபரப்பு. அதுவும் பயம் மாதிரியேதான் தெரியும். ஆபரேஷனுக்கு நாலு வாரமாவது முன்னாடி விட்டாத்தான் நுரையீரலுக்கும் ஆதாயம்.

சாராயம். இதை ஒளிக்கிறதுதான் எல்லாத்துலயும் ஆபத்து. தினம் குடிக்கிற ஆள் ஐசியுவுல ரெண்டு மூணு நாள் கிடந்தா கை நடுங்கும், உளறல் வரும், வலிப்பு கூட வரலாம். மச்சினன் முன்னாடி சொல்லக் கூச்சமா இருந்தா மயக்க டாக்டர்கிட்ட தனியாச் சொல்லச் சொல்லுங்க. எவ்வளவு, எத்தனை வருஷம், கடைசியா எப்போ, மூணும் சொல்லணும். தைரியத்துக்குன்னு முந்தின நாள் ஒரு கட்டிங் போடுறதும் நடக்குது, தேதி தள்ளிப்போக அது ஒண்ணே போதும்.

ரத்தம் இளகுற மாத்திரையை எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு கணக்கு உண்டு. க்ளோபிடோக்ரெல் பொதுவா 5 நாள் முன்னாடி, டிக்காக்ரெலார் 3 நாள், டாபாக்ளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை 3 நாள். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். தேதியை டாக்டர் கையால எழுதி வாங்கிக்குங்க. ஸ்டென்ட் (ரத்தக்குழாய்க்குள்ள வைக்கிற வலைக்குழாய்) வச்சவங்க தானா நிறுத்தினா ஸ்டென்டே அடைச்சுக்கலாம். பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்துச் சூரணம், எதையும் மறைக்காமச் சொல்லணும். ராத்திரி தூக்கம் வரலேன்னா வார்டுல கேளுங்க, ஒரு மாத்திரை தருவாங்க. வீட்டுல இருந்து கொண்டுபோனதைப் போடக் கூடாது.

நெஞ்சுவலி வந்தா "பயத்துல வருது"ன்னு தட்டிவிடக் கூடாது. உட்கார வச்சு, டாக்டர் எழுதிக் கொடுத்த சார்பிட்ரேட் (நெஞ்சுவலி) மாத்திரையை நாக்குக்கு அடியில வைங்க. அஞ்சு நிமிஷத்துல குறையலேன்னா 108.

தொண்டிக்காரி
கோயில், நேரம் காலம் பத்தி யாரும் பேசலையே? அதுல வர்ற சண்டைதான் பெருசு.

தியேட்டர் டூட்டி
சொல்லிருவோம். ராமேஸ்வரத்துல 22 தீர்த்தமும் ஆடிட்டு ஈரத்துணியோட நின்னு, சளி காய்ச்சலோட வந்து சேர்றவங்க உண்டு. காய்ச்சல் இருந்தா மயக்கம் கொடுக்க மாட்டாங்க, தேதி போச்சு. ஆடணும்னா பத்து நாள் முந்தியே ஆடிருங்க, இல்லேன்னா தலையில தெளிச்சுக்கிட்டாப் போதும். ஏர்வாடியில தங்கி வர்றவங்களுக்கும் இதேதான், தண்ணியும் சாப்பாடும் பார்த்துக்கணும். கடைசி வாரம் பேதி வந்தாலும் தேதி தள்ளும்.

அஷ்டமி, ராகு காலம் எல்லாம் தியேட்டர் லிஸ்ட்டுல செல்லாது. வீட்டை விட்டுக் கிளம்புற நேரத்தை நல்ல நேரமா வச்சுக்குங்க, அது நம்ம கையில இருக்கு.

தாலி, மெட்டி, மூக்குத்தி, அரைஞாண் கயிறு எல்லாம் கழட்டணும். கழுத்துல ஊசிக்குழாய் போகும், கரண்டுக் கத்தியால சூடு பட்டுரும். காலையில ஸ்ட்ரெச்சர் பக்கத்துல நின்னு தாலி கழட்டச் சொன்னா அழாத பொம்பளை இல்ல. முந்தின நாளே வீட்டுல பெரியவங்க கையால கழட்டி, சாமிகிட்ட வைங்க.

கீழக்கரை காக்கா
தாயத்துக்கும் அதே கணக்குத்தான். கட்டில் தலைமாட்டுல ஒட்டுறதுக்கு சில இடத்துல விடுவாங்க, கேட்டுப் பாருங்க.

கச்சான்
மீனவர் வீட்டுக்கு நேரா ஒரு கணக்கு. "தடைக்காலத்துல வச்சுக்கலாம்"னு தள்ளுறது பாதி தொழில் நியாயம், பாதி பயம். விசைப்படகுக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஏப்ரல் 15ல ஆபரேஷன் ஆனாலும் 3 மாசம்னா ஜூலை நடுவுலதான் வலை இழுக்க முடியும். எலும்பு கூடுறதுக்கு முன்னாடி ஐஸ் பெட்டி தூக்கறது, வள்ளம் தள்ளுறது, மடி இழுக்குறது எல்லாம் பண்ணினா கம்பி அறுந்து எலும்பு விலகும். முதல் 6 முதல் 8 வாரம் 5 கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. தண்ணி நிறைஞ்ச குடமே அதுக்கு மேல. அதனால தடைக்காலம் முழுசா கிடைச்சும் ஒரு மாசம் கூடுதலா கைக்காசு வேணும். தள்ளிப் போடலாமான்னு முடிவு சொல்ல வேண்டியது டாக்டர். இடது பக்க முக்கிய ரத்தக்குழாய்ல அடைப்புன்னா தடைக்காலம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

பணப் பயம் பத்தி: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். விஏஓ வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் மையத்துல பதியலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993. ஆபரேஷன் தேதி வாங்குறதுக்கு முன்னாடியே கார்டு செல்லுதான்னு பாருங்க, பேர் எழுத்து ஆதாரோட ஒத்துப்போகாம கடைசி நேரத்துல நிக்கிறது நிறைய. கூட இருக்கிறவங்க சாப்பாடு, தங்கல், பஸ் செலவு திட்டத்துல வராது. ராமேஸ்வரத்துல இருந்து மதுரை 170 கிலோமீட்டர் சொச்சம், தினம் போய் வர முடியாது. ரெண்டு பேர் பத்து நாள் தங்குற செலவைத் தனியா எடுத்து வைங்க. அதையும் நோயாளிகிட்ட சொல்லிருங்க. "என்னால கடன்"ங்கிற நினைப்பு கத்தியை விட ஆழமா அறுக்கும்.

ரத்தம் கொடுக்க ஆள்: 18 முதல் 65 வயசு, 45 கிலோவுக்கு மேல, ஹீமோகுளோபின் 12.5. ஆம்பளைங்க கடைசியாக் கொடுத்து 3 மாசம், பொம்பளைங்க 4 மாசம் ஆகியிருக்கணும். கடலுக்குப் போயிட்டு ராத்தூக்கம் இல்லாம வர்ற ஆளை அனுப்பாதீங்க, திருப்பி அனுப்பிருவாங்க.

தொண்டிக்காரி
வால்வு கேஸ்ல வேற பயம் இருக்கு. சின்ன வயசுல வாதக்காய்ச்சல் வந்து வால்வு கெட்ட பொண்ணுங்க நம்ம கரையில இருக்காங்க. உலோக வால்வா, திசு வால்வாங்கிறது கையெழுத்துக்கு முன்னாடி பேச வேண்டியது. உலோக வால்வுன்னா ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரை. அந்த மாத்திரையோட கர்ப்பம் தரிச்சா சிசுவுக்குக் கெடுதல் வரலாம், அதனால கல்யாணம், குழந்தை பத்தி சர்ஜன்கிட்ட வாய்விட்டுக் கேட்கணும். மாமியார் முன்னாடி கேட்க மாட்டாங்க, தனியா நிறுத்திக் கேட்க வைங்க. கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்களுக்குக் காலும் கையும் பாறையில கிழியாத நாளே இல்ல, இந்த மாத்திரையில ரத்தம் லேசுல நிக்காது. அந்த வேலைக்குத் திரும்பணுமாங்கிறதையும் சேர்த்துத்தான் வால்வு முடிவு பண்ணணும். கீரை இந்த மாத்திரையோட வேலையைக் குறைக்கும்னு முருங்கைக்கீரையை அடியோட விட வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவாச் சாப்பிட்டா ஐஎன்ஆர் (ரத்தம் உறையுற அளவைக் காட்டுற டெஸ்ட்) ஆடாது. இன்னொண்ணு, ராத்திரி அமைதியில உலோக வால்வு டிக் டிக்னு கேட்கும். சொல்லாம விட்டா அந்தச் சத்தமே தூக்கத்தைக் கெடுக்கும். சத்தம் கேட்டா வால்வு மூடித் திறக்குதுன்னு அர்த்தம்.

ஓலைக்குடா
சரி, ஒத்துக்கிறேன், முழிச்ச பிறகு உள்ளதைச் சொல்லிரலாம். ஆனா அந்தக் கையெழுத்துத் தாள்? சாவு, பக்கவாதம், கிட்னின்னு வரிசையா எழுதியிருக்கே. அதைப் படிச்சாலே ஆள் காலி.

தியேட்டர் டூட்டி
ராத்திரி 10 மணிக்கு நின்னுக்கிட்டே கையெழுத்து வாங்கினா அப்படித்தான் ஆகும். பகல்லயே தாளைக் கேட்டு வாங்குங்க. ஒவ்வொரு வரிக்கும் ரெண்டே கேள்வி: இது எத்தனை பேருக்கு வருது, வந்தா என்ன செய்வீங்க? உதாரணத்துக்கு, ரத்தக்கசிவுக்காகத் திரும்பத் தியேட்டருக்குப் போறது 100க்கு ரெண்டு மூணு பேருக்கு நடக்கும், பெரும்பாலும் கசியுற இடத்தைக் கட்டி மூடிட்டு வந்துருவாங்க. இப்படிப் பதிலோட படிச்சா அந்தத் தாள் வெறும் மிரட்டலா இருக்காது.

வெளிய உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் ஒண்ணு. "நாலு மணி நேரம்"னு சொன்னது கத்தி வச்ச நேரம். உள்ள போன பிறகு ஊசிக்குழாய் போட்டு மயக்கம் கொடுக்கவே ஒரு மணி நேரம், முடிஞ்சு ஐசியுவுல படுக்க வச்சு சரி பார்க்க இன்னொரு மணி. ஏழு மணிக்குப் போனவருக்கு ரெண்டு மணி வரைக்கும் தகவல் இல்லேன்னா பதற வேண்டாம். அவசர கேஸ் வந்து, படுக்கை இல்லாம அன்னிக்கே தள்ளிப்போறதும் உண்டு. பட்டினி கிடந்த மனுஷனுக்கு அது பெரிய அடி, "தள்ளிப்போகலாம்"னு முதல் நாளே காதுல போட்டு வைங்க.

வாடைக்காத்து
வயசானவங்க ஐசியுவுல உளர்றதைப் பத்தி, அக்கா?

ஐசியு அக்கா
செத்துப்போனவங்க வந்து நிக்கிறாங்க, சுவத்துல பூச்சி ஊருதுன்னு சொல்வாங்க. காத்துக் கருப்பு இல்ல, மந்திரிக்க ஆள் கூப்பிடவும் வேணாம். மயக்க மருந்து, தூக்கமின்மை, ராப்பகல் தெரியாத அறை, எல்லாம் சேர்ந்து வர்றது. பெரும்பாலும் சில நாள்ல தெளிஞ்சுரும். மறுத்துச் சண்டை போடாம, பேரும் கிழமையும் ஊரும் சொல்லிக்கிட்டே இருங்க. கண்ணாடியும் காதுமெஷினும் சீக்கிரம் போட்டு விடணும், பாதி குழப்பம் அதுலயே குறையும். வீட்டுக்கு வந்த பிறகு காரணமில்லாம அழுகை வர்றதும் உண்டு. ரெண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், பேச்சு இல்லேன்னா மறுபரிசோதனைக்குப் போகும்போது சொல்லணும். 14416க்குப் போன் பண்ணினா தமிழ்லயே மனநல ஆலோசனை கிடைக்கும்.

கீழக்கரை காக்கா
பல்செட்டு?

ஐசியு அக்கா
தியேட்டருக்குப் போகும்போது கழட்டணும், மூடி போட்ட டப்பாவுல பேரும் ஐபி நம்பரும் எழுதி வீட்டுக்காரங்க கையில வைங்க. தாள்ல சுத்தித் தலைகாணிக்கு அடியில வச்சா துணியோட சலவைக்குப் போயிரும். சொத்தைப் பல்லு இருந்தா, முக்கியமா வால்வு கேஸ்ல, தேதி வாங்குறதுக்கு முன்னாடியே பல் டாக்டர்கிட்ட காட்டிச் சரி பண்ணிரணும்.